கதவில்லா ஜீப்பும் காக்க வேண்டிய அமானிதமும்

பெருநாள் விடுமுறையில், கதவுகளைக் கழற்றிய ஜீப்பில் கல்லணைக் கால்வாய்க் கரையோரம் காற்று வாங்கச் செல்வதில் நம் வாலிபர்கள் பலருக்குத் தனி ஆசை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்திற்காகக் கதவின்றியே உருவான வண்டி ஜீப். வீரர்கள் விரைந்து ஏறி இறங்க அது வசதியாயிற்று. அதை நம் நாட்டில் தயாரித்த நிறுவனம் 1945இல் 'மஹிந்திரா அண்ட் முகம்மது' என்ற பெயரிலேயே தொடங்கியது. பங்காளியான மாலிக் குலாம் முகம்மது பிரிவினைக்குப்பின் பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் கவர்னர் ஜெனரலானார். 1948இல் நிறுவனம் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிற்று.

போர்க்களத் தேவை வேறு. தஞ்சைத் தரணியின் பாதை வேறு. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் வயல். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லும் வைக்கோலும். சக்கரம் வழுக்கி வண்டி கவிழ்ந்தால், கதவற்ற பக்கமாக உடல் வெளியே எறியப்படும். வண்டியே மேலே விழவும் கூடும். அவ்வேளை ஆளைப் பிடித்து நிறுத்துவது சீட் பெல்ட் ஒன்றே. மடிக் குழந்தையை அணைத்திருக்கும் தாயின் கரங்களுக்கும் அவ்வலிமை இல்லை.

பெல்ட் அணியாவிடில் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி ரூ.1,000 அபராதம் உண்டு. அபராதத்திற்கு அஞ்சுவதைவிட, உயிர் அல்லாஹ் தந்த அமானிதம் என்றுணர்வதே ஈமானுக்கு அழகு. பிள்ளைகளைக் கதவில்லா வண்டியில் ஏற்றாதீர்கள். முதலில் பெல்ட்டைப் பூட்டுங்கள்; பிஸ்மி சொல்லுங்கள்; அதன்பின் தவக்குல் வையுங்கள்.