சுயவிபரக்கோவையிலிருந்து நியமனக் கடிதம் வரை

களனி ஆற்றின் வடகரையில், கொழும்பு நகர எல்லையை ஒட்டி அமைந்துள்ள பேலியகொடை, மொத்த மீன் சந்தையும், 2020இல் புறக்கோட்டையிலிருந்து இடம்மாறி வந்த மெனிங் சந்தையும், களஞ்சியங்களும் விநியோக நிறுவனங்களும் நெருங்கிக் கிடக்கும் வணிகப் பிரதேசமாகும். அங்கிருந்து கண்டி வீதியில் சற்றுத் தொலைவில், 1959இல் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய களனிப் பல்கலைக்கழகம் உள்ளது. இத்தகைய சூழலில் கற்கும் மாணவர்களில் பலர் தொழில் உலகில் முதலடி வைப்பது பட்டம் பெற்ற பின்னர் அல்ல. பட்டப்படிப்பின் பிற்பகுதியில் அமையும் தொழிற்பயிற்சிக் காலத்திலேயே கம்பனியின் ஆட்சேர்ப்பு முறையை அவர்கள் எதிர்கொள்கின்றனர்.

அம்முறை கண் அளவு வேறுபட்ட பல சல்லடைகளின் வரிசை போன்றது. கல்வி, திறன், அனுபவம் ஆகியவற்றைச் சுருக்கித் தரும் சுயவிபரக்கோவையும், எண்களையும் தர்க்கத்தையும் குறுகிய நேரத்தில் கையாளும் ஆற்றலை அளக்கும் உளச்சார்புப் பரீட்சையும், பெருந்தொகையான விண்ணப்பங்களைக் குறைப்பதற்கே முதலில் பயன்படுகின்றன. துறைசார் நேர்முகப் பரீட்சையோ, விண்ணப்பதாரர் தெரியாத வினாவொன்றை எவ்வாறு அணுகுகிறார் என்பதைக் கவனிக்கிறது. மனிதவளப் பிரிவின் நேர்முகம் அவர் பிறரோடு சேர்ந்து இயங்கக்கூடியவரா என்பதை ஆராய்கிறது. ஆகவே முதற்கட்டத்தில் கழிக்கப்படுவது தகுதியின்மைக்குச் சான்றாகாது. பல வேளைகளில் அது இடங்களின் எண்ணிக்கையையே காட்டுகிறது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ்மொழிமூலம் உயர்தரம் கற்றவருக்கு, பெரும்பாலான தனியார் நேர்முகங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுவது கூடுதல் சுமையாகிறது. ஆயினும் வடக்கு, கிழக்கு, மலையகம் எங்கும் பொருள் விற்கும் நிறுவனத்துக்கு மும்மொழி அறிவு மெய்யான தகுதியே. அதனைக் கோவையின் கடைசி வரியில் "தமிழ் தெரியும்" என்று ஒதுக்கிவிடாமல், எந்த மொழியில் எந்தப் பணியைச் செய்தார் என்று எடுத்துக்காட்டோடு எழுதுவது பயன் தரும்.

தேர்வு முடிந்ததும் பரிசோதிக்கும் முறை மாணவருடையதாகிறது. நியமனக் கடிதத்தில் பதவி, வேதனம், வேலைநேரம், ஊழியரின் பொருத்தத்தை நிறுவனம் மதிப்பிடும் தகுதிகாண் காலம் ஆகியன தெளிவாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்தின் வழமையான வேலையை 45 மணித்தியாலங்களுக்குள் வரையறுக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் வேலைகொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3 வீதத்தை வேலைகொள்வோர் மட்டுமே செலுத்துவர். கணக்கிடப்படும் வேதனம் 50,000 ரூபா எனில், ஊழியரிடம் கழிக்கப்படுவது 4,000 ரூபா. நிறுவனம் தன் பங்காகச் செலுத்துவது இரு நிதிகளுக்குமாக 7,500 ரூபா.

தகுதிகாண் காலத்தில் இருப்பது இவ்வுரிமையைத் தள்ளிப்போடாது. ஆனால் பயிலுநர் ஒப்பந்தங்களுக்கு 1978ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று உள்ளமையால், தாம் ஊழியராகச் சேர்க்கப்படுகிறாரா, பயிலுநராகவா என்பதை மாணவர் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். நேர்முகத்தின் முடிவில் "கேட்க ஏதேனும் உண்டா?" என்று வினவப்படும்போது பலர் மௌனமாக இருந்துவிடுகின்றனர்; இதனைக் கேட்பதற்குரிய தருணம் அதுவே.