எலும்பு கடிக்கும் மாடுகள்

புல் மேயும் மாடு எலும்பைக் கடிக்குமா? தென்னாப்பிரிக்காவின் பிரைபர்க் வட்டாரத்தில் நூறாண்டுக்கு முன் மந்தை மந்தையாகக் கடித்தன. செத்த விலங்குகளின் எலும்பைத் தேடி மென்ற மாடுகள் சில நாட்களில் கால் துவண்டு படுத்து, எழாமலே மாண்டன. ஏதோ நச்சுச்செடிதான் காரணம் என்ற எண்ணமும் இருந்தது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் அர்னால்ட் தைலர் 1919 முதல் அங்கே ஒரு பண்ணையில் ஆய்வு நடத்தி முடிச்சை அவிழ்த்தார். அந்த மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. ஆகவே புல்லிலும் குறைவு. அந்தக் குறைதான் மாட்டை எலும்பை நாட வைத்தது. எலும்பில் ஒட்டியிருந்த அழுகிய சதையில் பாட்டுலினம் கிருமியின் நச்சு. கொன்றது அந்த நச்சு.

தைலர் எலும்புத்தூள் கொடுத்ததும் எலும்பு கடிக்கும் வேட்கை அடங்கியது. கூடவே, நோயே இல்லாத மாடுகளும் எடை கூடின. நோய் என்று எவரும் கருதாத மெலிவுக்கும் பாஸ்பரஸ் குறைவே காரணம் என்று அப்போது புரிந்தது.

உடலிலுள்ள பாஸ்பரஸில் சுமார் 80 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சம் ஒவ்வொரு செல்லுக்கும் ஆற்றல் பரிமாற்றத்துக்குத் தேவை. மாட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது வேண்டும். குறைந்தால் முதலில் மந்தமாவது பசி: கண்ணெதிரே புல் இருந்தும் மாடு குறைவாகவே தின்னும். பால் கொடுக்கும் பசு தன் எலும்பையே சேமிப்புக் கணக்காக்கி எடுத்துச் செலவழிக்கும். சினைப் பருவம் தள்ளிப்போகும். ஆண்டுக்கொரு கன்று என்பது கைகூடாது.

அப்படியானால் புல் காயும் வறண்ட காலத்தில்தான் பாஸ்பரஸ் தர வேண்டுமா? வட ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் பண்ணைகளில் கண்ட விடை வேறு. வறண்ட காலத்தில் முதல் தட்டுப்பாடு புரதம். மாடு வளர்வதில்லை, பாஸ்பரஸ் தேவையும் குறைகிறது. மழை பெய்து புல் தளிர்க்கையில் புரதமும் ஆற்றலும் தாராளம். கன்று வளர்கிறது, பால் சுரக்கிறது, பாஸ்பரஸ்தான் போதாமல் போகிறது. அதனால் கூடுதல் பாஸ்பரஸால் அதிகப் பலன் கிடைப்பது மழைக்காலத்தில். அப்போது தாதுக் கலவை நனைந்து கரையாதிருக்கக் கூரை வேய்ந்த தொட்டி வேண்டும். மாடு நாடி வந்து நக்க, கலவையில் உப்பும் சேர்க்கிறார்கள்.

அங்கே பாட்டுலினம் தடுப்பூசியும் போடுகிறார்கள். அது சாவைத் தடுக்கும். பாஸ்பரஸ் குறையைத் தீர்க்காது. குறையை அறிய, மழைக்காலத்தின் பிற்பகுதியில் வளரும் இளம் மாடுகளின் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். பச்சைப் புல்லை வைத்து மட்டும் மண்ணை எடைபோட முடியாது.