கரைந்துபோன கற்கள்



சென்ற மழைக்காலத்தில் குச்சனூரைச் சேர்ந்த ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி, தம் எட்டு வயது மகனைத் தோளில் சுமந்துகொண்டு நமது மருத்துவமனைக்கு வந்தார். பையனுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு, வேறோர் இடத்தில் ஏழு நாட்கள் ஊசி போட்டிருந்தார்கள். காய்ச்சல் விட்டது. ஆனால் வலது விலாவுக்குக் கீழே கடும் வலியும் வாந்தியும் தொடங்கிவிட்டன. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "பித்தப்பையில் கற்கள், ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டார்களாம். தாயார் தாலியில் கோத்திருந்த தங்கக் குண்டுகளை அடகு வைக்கத் தீர்மானித்திருந்தார்.

"எல்லாம் ஏழரைச் சனி, ஐயா" என்றார் தகப்பனார். சனீஸ்வரர் கோவிலால் பேர்பெற்ற ஊர்க்காரர் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. நாங்கள் வாதாடவில்லை. அருகே உட்கார்ந்து அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டோம்.

நமது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஊசி போட்டார்கள்? சீட்டு இருக்கிறதா?" என்பதே. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த சீட்டில் செஃப்ட்ரியாக்ஸோன் என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டுதான் அந்தப் பிள்ளையை ஆபரேஷனிலிருந்து காப்பாற்றியது. எப்படி என்று விளக்க விரும்புகிறோம்.

நம் கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பையில் தங்கி, நாம் சாப்பிடும்போது குழாய் வழியே குடலுக்குப் பாய்கிறது. 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தால் கேடில்லை. நின்றுபோனால் வண்டல் படியும்.

செஃப்ட்ரியாக்ஸோன் நல்ல மருந்து. டைபாய்டு, நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றிலிருந்து எத்தனையோ உயிர்களை மீட்டிருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு பித்தநீர் வழியாக வெளியேறுகிறது. பித்தப்பையில் அது கால்சியத்தோடு சேர்ந்து மணல்போலப் படியக்கூடும். நோயாளி சாப்பிடாமல் கிடந்தால் பித்தப்பை சுருங்கி விரியாது. உடலில் நீர் வற்றினாலும், மருந்தின் அளவு மிகுந்தாலும் படிவு கூடும். குழந்தைகளிடம் இது அதிகம். ஸ்கேனில் இது கல்லைப் போலவே தெரியும். 1988-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் "லான்செட்" மருத்துவ இதழில், குழந்தைகளுக்கு வரும் இந்தப் பொய்க்கற்கள் மறையக்கூடியவை என்று எழுதினார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தாமே கரைந்துவிடும். அரிதாகப் படிவு குழாயில் இறங்கி அடைத்துக்கொள்வதும், கணையம் வீங்குவதும் உண்டு.

வேறொரு வகையும் இருக்கிறது. அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, கல்லீரலுக்கு உள்ளேயே பித்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். அப்போது ஸ்கேனில் எந்த அடைப்பும் தெரியாது. கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். மாத்திரை முடிந்து சில வாரங்கள் கழித்தும் இது தோன்றலாம் என்பதால், நோயாளி அந்த மாத்திரையையே மறந்திருப்பார். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆனால் வாரங்களோ மாதங்களோ ஆகலாம். மிகச் சிலருக்கே நுண்ணிய பித்தக்குழாய்கள் நிரந்தரமாகச் சேதமடைகின்றன.

குச்சனூர்ப் பையனுக்கு அந்த ஊசியை மறுபடியும் போடவில்லை. நரம்பு வழியே திரவம் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, மெல்ல மெல்ல உணவு கொடுத்தார்கள். இரத்தப் பரிசோதனை செய்து கண்காணித்தார்கள். "ஊசியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை, சும்மா படுக்க வைத்திருக்கிறீர்களே" என்று மூன்றாம் நாள் தகப்பனார் வருந்தினார். காத்திருப்பதும் வைத்தியம்தான் என்று அவருக்கு எடுத்துச் சொல்வதே அந்த நாட்களில் எங்கள் ஊழியமாயிருந்தது. வலி தணிந்து பையன் வீடு சென்றான். மூன்றாம் வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பை சுத்தமாயிருந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

ஆனாலும் எல்லா அடைப்பையும் மருந்தின் தலையில் சுமத்தக் கூடாது. உண்மையான கற்கள், நாக்குப்பூச்சி, கட்டி இவற்றாலும் குழாய் அடைபடும். காமாலையோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அது அவசரம். வாய் வழியாகக் குழாய்க்கருவி செலுத்தி அடைப்பை நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாட்களைக் கடத்துவது ஆபத்து.

அன்பர்களே, உங்கள் சபைகளில் இவற்றைச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். டாக்டரிடம் போகும்போது கடந்த இரண்டு மாதச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். செஃப்ட்ரியாக்ஸோன் 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியலில் உள்ளது. டாக்டர் சீட்டில்லாமல் அதை விற்கக் கூடாது. கடைக்காரர் நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மருந்தால் தொல்லை என்று தோன்றினால் நீங்களே நிறுத்திவிடாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை இப்படிப்பட்ட ஏழைகளின் இரண்டாவது ஸ்கேனுக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும்கூட உதவுகிறது. அந்தத் தாயார் கடைசியாக வந்தபோது தாலிக் குண்டுகள் கழுத்திலேயே இருந்தன. எங்களுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள்.

அவருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்