தர்மபுரியில் ஹாப்ஸ் கொடி வளருமா?

வெளிநாட்டு யூடியூப் சேனல்களில் ஒரு வகை வீடியோ அடிக்கடி கண்ணில் படும். ஒருத்தர் வீட்டுத் தோட்டத்து ஹாப்ஸ் கொடியில் பூவைப் பறிப்பார், பக்கத்து மரத்துப் பழத்தை நசுக்கிப் போடுவார், கார் ஷெட்டிலேயே பீர் காய்ச்சிவிடுவார். அதைப் பார்த்துட்டு நம்ம பசங்க கேட்கிற கேள்வி: "நம்ம ஊர்லதான் மாம்பழம் கொட்டிக் கிடக்கு, ராகி இருக்கு. நாமளும் பண்ணலாமா?"

பண்ணக் கூடாது, சட்டம் விடாது. ஹாப்ஸும் இங்கே வளராது. ஆனால் பீருக்குள் இருக்கிற கெமிஸ்ட்ரியில் முக்கால்வாசி நம்ம வீட்டு அடுப்பங்கரையில் ஏற்கனவே நடந்துக்கிட்டுதான் இருக்கு. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

சட்டத்தை முதலில் முடிச்சிடலாம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, சென்னை மாகாணத்தில் முதலில் தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டத்தை. தர்மபுரி அப்போது சேலத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1965-ல்தான். அதாவது மாகாணத்துக்கே மதுவிலக்கு ஆரம்பித்தது நம்ம மண்ணில். அந்த 1937 சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் உயிரோடு இருக்கிறது. "அப்போ டாஸ்மாக்?" என்று கேட்டால், அது அரசே நடத்துகிற விற்பனை. உரிமம் இல்லாமல் காய்ச்சினால், அது 5 லிட்டர் பக்கெட்டாக இருந்தாலும் குற்றம். கள்ளுக்கே 1987-லிருந்து தடை. பனையில் இறக்குகிற கள்ளுக்குத் தடை, பாட்டில் சரக்குக்குக் கடையா என்று விவசாயிகள் கேட்பதில் எனக்கு நியாயம் தெரிகிறது, ஆனா அது வேற கட்டுரை.

இப்போ விஷயத்துக்கு வருவோம். பீர் என்பது தானியத்திலிருந்து வருவது. தானியத்தில் இருப்பது ஸ்டார்ச். ஈஸ்ட் ஸ்டார்ச்சைத் தொடாது, அதற்குச் சர்க்கரைதான் வேண்டும். ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்க அமைலேஸ் என்ற என்சைம் தேவை. விதை முளைக்கும்போது அந்த என்சைமைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும். அதனால் பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் சூட்டில் காயவைத்து நிறுத்துகிறார்கள். இதற்குப் பெயர் மால்ட். நம்ம ஊரில் ராகியை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, காயவைத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கிறோமே, அதுவும் இதேதான். கடையில் "ராகி மால்ட்" என்று விற்பது சும்மா வைத்த பெயர் இல்லை.

சிக்கல் ஒன்று உண்டு. பார்லி ஸ்டார்ச் 60 டிகிரி சொச்சத்திலேயே வெந்து இளகும். அந்தச் சூட்டில் என்சைமும் பிழைத்திருக்கும். ராகி ஸ்டார்ச் வேக இன்னும் கூடுதல் சூடு வேண்டும், அதற்குள் என்சைம் செத்துவிடும். ஆப்பிரிக்காவில் சிறுதானிய பீர் காய்ச்சுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மேலே தெளிந்த என்சைம் தண்ணீரைத் தனியாக இறுத்து வைத்துவிட்டு, அடியில் தங்கிய மாவை மட்டும் கொதிக்கவைப்பார்கள். ஆறியதும் இறுத்த தண்ணீரை மறுபடி சேர்ப்பார்கள். சிக்கிம், நேபாளப் பக்கம் வேறு ரூட். அங்கே தோங்பா என்ற பானம் இதே ராகியில்தான் செய்கிறார்கள், ஆனால் முளைகட்டுவதில்லை. வேகவைத்த ராகியில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் கலந்த ஒரு மாவு வில்லையைத் தூவுவார்கள். ஸ்டார்ச்சை உடைக்கிற வேலையைப் பூஞ்சை பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது ஹாப்ஸ். கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது (உடனே நிமிர்ந்து உட்கார வேண்டாம், போதைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). இதன் பெண் பூவிலுள்ள மஞ்சள் பிசின்தான் பீருக்குக் கசப்பு. அந்தப் பிசினிலுள்ள அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறித் தண்ணீரில் கரைகின்றன. லாக்டிக் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுக்கின்றன. பீர் புளிக்காமல் நிற்பது இதனால்தான். இட்லி மாவைப் புளிக்கவைப்பதும் அதே லாக்டிக் கூட்டம்தான் என்பதால், மாவில் ஹாப்ஸ் போட்டால் காலையில் இட்லி கல்லாகத்தான் வரும்.

ஹாப்ஸ் கொடிக்குக் குளிர்காலத்தில் நல்ல உறக்கம் வேண்டும், கோடையில் நீண்ட பகல் வேண்டும். தர்மபுரி இருப்பது 12 டிகிரி அட்சத்தில். ஜூன் மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது. இங்கே நட்டால் கொடி உயரும் முன்பே பூக்கப் பார்க்கும். விளைச்சல் பேருக்குத்தான் இருக்கும். ஏற்காட்டில் நட்டாலும் அட்சம் மாறாதே! இந்தியாவில் ஹாப்ஸ் விளைகிற இடம் ஹிமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கு. அங்கே பனி உண்டு, கோடைப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும்.

ஹாப்ஸ் இல்லாத ஊர்கள் வேறு செடிகளைத் தேடிக்கொண்டன. நம்ம பக்கம் சாராயம் காய்ச்சியவர்கள் போட்டது வெள்வேலம் பட்டை. 'பட்டைச் சாராயம்' என்ற பெயரே அதில் வந்ததுதான். பட்டையிலுள்ள டானின் ஊறலில் இருக்கும் புரதத்தைப் பிடித்து அடியில் படியவைக்கும். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்குச் 'சாராயம் காய்ச்சுபவரின் வேலமரம்' என்றே ஒரு பெயர் உண்டு.

பழத்துக்கு இந்த ஸ்டார்ச் தொல்லை எதுவும் கிடையாது, நேரடியாகச் சர்க்கரை. பெங்களூரில் கோடை வந்தால் மாம்பழ பீர் போடுகிற மைக்ரோ ப்ரூவரிகள் பல உண்டு, உரிமத்தோடு. பழக்கூழை ஆரம்பத்திலேயே கொட்டினால் வேகமாகக் கிளம்பும் கார்பன் டை ஆக்சைடு வாசனையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் முதல் நொதித்தல் அடங்கிய பிறகு சேர்ப்பதே வழக்கம்.

அந்த வாயுவைக் கொஞ்சம் கணக்குப் போடுங்க. 180 கிராம் குளுக்கோஸ் முழுதாக நொதித்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பெங்களூரா மாம்பழச் சாறு ஒரு லிட்டரில் சுமார் 150 கிராம் சர்க்கரை என்று வைத்தால், வெளிவரும் வாயு நம்ம ஊர் வெயிலில் கிட்டத்தட்ட 40 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மூடி இறுக்கிய ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலுக்குள் அது எங்கே போகும்? 'நேச்சுரல் சோடா' என்று ரூமில் எதையாவது மூடி வைத்திருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

கடைசியாக மெத்தனால். "வீட்ல பழத்தைப் புளிக்க வெச்சா மெத்தனால் வந்து கண்ணு போயிடும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பழத்திலுள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் வருவது உண்மை. ஆனால் மிகச் சொற்பம். கூடவே இருக்கும் எத்தனால் கல்லீரலில் அதே என்சைமுக்குப் போட்டி போடுவதால் அந்தச் சொற்பமும் மெதுவாகத்தான் உடையும். 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் நமக்கு அடுத்த கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது நொதித்தலில் வந்த மெத்தனால் இல்லை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனாலைச் சாராயம் என்று விற்றார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். "அவங்க காய்ச்சினது சரியா வரல" என்று பேசுவது விற்றவனைத் தப்பிக்க விடுகிற பேச்சு. உடம்பு மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைத் தாக்கும். குடித்தது தெளிந்த பிறகும் பார்வை மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று யாராவது சொன்னால் தூங்கட்டும் என்று விடாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. சீக்கிரம் போனால் மாற்று மருந்து இருக்கிறது.

சட்டத்தை மீறாமல் இதில் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது, வேண்டியதெல்லாம் கெமிஸ்ட்ரி லேபிலேயே கிடைக்கும். சாதா ராகி மாவைக் களி பதத்துக்கு வேகவைத்து 60 டிகிரிக்கு ஆறவிடுங்கள். ஒரு ஸ்பூன் முளைகட்டிய ராகி மாவைப் போட்டுக் கிளறி, அதே சூட்டில் வைத்திருங்கள். சில நிமிடங்களில் கரண்டி நிற்கிற களி, கஞ்சியாக இளகி ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து அயோடின் விடுங்கள். முதலில் கருநீலம் வரும். ஸ்டார்ச் உடைய உடைய அது செம்பழுப்புப் பக்கம் போகும். குழந்தைக்கு முளைகட்டிய மாவில் வைக்கும் கஞ்சி தண்ணியா இருந்தும் சத்தா இருக்க இதுவே காரணம்: மாவை அதிகம் போட்டாலும் கெட்டிப்படாது.