உங்களுக்குத் தெரியுமா? மடக்கினால் மதிப்பெண்!

ஹாலிவுட் படங்களுக்கு ரசிகர்கள் மதிப்பெண் போடும் அட்டை, யூதர்களின் நோன்பு நாள் நன்கொடைச் சீட்டைப் பார்த்து உருவானது!

• யோம் கிப்பூர் என்ற அந்த நோன்பு நாளில் பேனா எடுத்து எழுதக் கூடாது. எவ்வளவு தருகிறோம் என்பதை, சீட்டின் ஓரத்தை மடக்கிக் காட்டுவார்கள். அந்த உத்தியைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான எட் மின்ட்ஸ்.

• 1978-இல் வந்த 'தி சீப் டிடெக்டிவ்' படத்துக்கு ஆசையாகப் போய் ஏமாந்தவர் அவர். விமர்சகர்கள் கிடக்கட்டும், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் என்ன சொல்கிறார்? அதைக் கேட்கத்தான் 'சினிமாஸ்கோர்' நிறுவனம் பிறந்தது.

• படம் வெளியாகும் நாளில் பார்த்தவர்களிடம் மட்டுமே கேட்பார்கள். ஏ முதல் எஃப் வரை தரம். கூடவே வயது, ஆணா பெண்ணா, எதற்காக வந்தார் என்ற விவரமும் உண்டு. முதல் நாளே ஓடி வருபவர் கொஞ்சம் தாராளமாகத்தான் போடுவார். அதனால் 'சி' வாங்கினாலே தயாரிப்பாளர் முகம் வாடிவிடும்.

• 'டைட்டானிக்' (1997) வாங்கியது ஏ பிளஸ். விமர்சகர்கள் பலர் மெச்சிய 'மதர்!' (2017) வாங்கியது எஃப்.