போடி ஏலக்காய் ஏலம்: சோஷியல் மீடியா பிசினஸுக்கு 4 பாடங்கள்!

இன்ஸ்டாவில் ஏலக்காய், வாட்ஸ்அப்பில் பன்னீர் திராட்சை, யூடியூபில் தோட்டத்து வீடியோ... தேனி, கம்பம் பக்கம் இருந்து நேரடியாக ஆன்லைனில் விற்க நினைக்கிறவங்களுக்கும், அவங்களுக்கு பேஜ் நடத்தித் தரும் டிஜிட்டல் நிறுவனங்களுக்கும் பாடம் போடிநாயக்கனூரிலேயே இருக்கு.

போடியில் என்ன நடக்கிறது?

இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய், போடிக்கு ஏலத்துக்கு வருகிறது. முன்பு குரல் கொடுத்துக் கேட்ட ஏலம், 2007-ல் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலமாக மாறியது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த சாம்பிள் வியாபாரிகளின் கைக்குப் போகும். காயின் பருமன், பச்சை நிறம், காய்ச்சல் பதம் பார்த்து, கம்ப்யூட்டரில் விலை கேட்பார்கள். லைசென்ஸ் பெற்ற ஏல நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஒன்று சரியில்லை என்றால் விவசாயி அடுத்ததிடம் சரக்கைக் கொடுக்கலாம்.

அதாவது, இதுவும் ஒரு பிளாட்ஃபார்ம்தான். ஆனால் விதிகள் முன்கூட்டியே தெரியும். இடம் மாறினாலும் சரக்கு கூடவே வரும். சோஷியல் மீடியாவில் இந்த இரண்டுமே கிடையாது.

1. ஒரே இடத்தை நம்பாதீங்க

2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டா ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஆனால் டிக்டாக் ஃபாலோயர்களை யாராலும் அங்கே தூக்கிட்டுப் போக முடியவில்லை.

'எங்ககிட்ட ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூணும் இருக்கே' என்பவர்கள் கவனிக்க: மூன்றும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்துடையது. 2021 அக்டோபர் 4-ம் தேதி மூன்றும் சேர்ந்தே சுமார் 6 மணி நேரம் முடங்கின. ஏலக்காயை இருப்பு வைக்கலாம், பறித்த திராட்சை அப்படிக் காத்திருக்காது.

2. விதி எப்போ வேணா மாறும்

2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை என்றது ஃபேஸ்புக். பிசினஸ் பேஜ்களும் செய்தி நிறுவனங்களும் பின்னால் போயின. ரீச்சை மட்டும் நம்பி அடுத்த மாத சம்பளக் கணக்கு போட்டால் சிக்கல்தான்.

3. சாம்பிளை மறைக்காதீங்க

போடியில் காயைப் பார்க்காமல் யாரும் விலை சொல்வதில்லை. ஆன்லைனில் வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை, அவர் நம்புவது வீடியோவை. அதனால், பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு புகழ்ந்தால், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் இது. தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம், மறுபடியும் செய்தால் ரூ.50 லட்சம் வரை போகலாம்.

4. பெயரும் பட்டியலும் உங்களோடதா?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தச் செயலி மூடினாலும் அந்தப் பெயர் போகாது. உங்க நிறுவனப் பெயருக்கும் இதே மாதிரி பாதுகாப்பு இருக்கு: டிரேட்மார்க். ஒருமுறை பதிவு செய்தால் 10 ஆண்டுகள் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். இன்ஸ்டா ஐடி அதற்கு ஈடாகாது.

என்ன செய்யலாம்?

* வாங்கியவர்களின் நம்பரை அவர்கள் சம்மதத்துடன் சேமித்து வையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வலியுறுத்துவதும் சம்மதத்தைத்தான்.
* சின்னதா இருந்தாலும் சொந்த வெப்சைட் வைத்துக்கொள்ளுங்கள்.
* பேஜ் நடத்தித் தரும் நிறுவனம் என்றால், கணக்கை வாடிக்கையாளரின் மெயில் ஐடியிலேயே தொடங்குங்கள். ரிப்போர்ட்டில் லைக் எண்ணிக்கையோடு, மறுபடி ஆர்டர் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் காட்டுங்கள்.
* மாதம் ஒருமுறை இதைக் கேட்டுப் பாருங்கள்: நாளைக்குக் காலையில் பேஜ் காணாமல் போனால், போன மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேரை நேரடியாகக் கூப்பிட முடியும்?