குறிஞ்சியில் நண்பகல்: மலைப்புறத்து உடனுறைவும் சான்றின் பொழுதும்

தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுக்கிறது. நண்பகலும் வேனிலும் பாலைக்கு உரியன. இவ்வரையறையை எழுத்தெண்ணிக் கொண்டால், வெயில் காயும் பகலொன்றில் காதலர் இருவர் மலைப்புறத்தில் ஒருங்கிருக்கும் காட்சிக்கு அகத்திணையில் இடமே இல்லை. மலையைப் பாடினால் இருளும் பனியும் உடன்வரும். வெயிலைப் பாடினால் பிரிவு உடன்வரும். ஆயினும் குறிஞ்சித் திணையின் மிக நீண்ட பாட்டாகிய கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் காதல் பிறக்கும் நாள் வெயிலுடைய நாள்.

இம்முரணைத் 'திணை மயக்கம்' என்னும் ஒரு சொல்லால் கடந்துவிடுவது வழக்கம். நிலம் மயங்காது, பிற மயங்கலாம் என்னும் தொல்காப்பிய விதி அதற்கு இடந்தருகிறது. விதி இசைவைத் தருகிறதேயன்றிக் காரணத்தைத் தரவில்லை. யாமத்துக்கு உரிய திணையில் பகல் எதற்காக வருகிறது, வந்து என்ன செய்கிறது என்ற வினா அப்படியே நிற்கிறது.

களவியலில் இவ்வினாவுக்கு ஒரு தடயம் உண்டு. இரவுக்குறி மனையகத்தை ஒட்டியது. மனையோர் பேச்சொலி கேட்கும் எல்லைக்குள் அமைவது. பகற்குறியோ மனைக்குப் புறம்பானது; தலைவி அறிந்த இடத்தில் அமைவது. நூலின் இவ்விரு வரையறைகளையும் முதற்பொருள் விதியோடு சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். குறிஞ்சிக்குரிய சிறுபொழுதாகிய யாமத்தில் தலைவன் மலைவழியே நடந்து வருகிறான். தலைவியோ மனையின் எல்லையில் நிற்கிறாள். மலைச்சாரலில் இருவரும் ஒருங்கே இருப்பது பகலில்தான். தினைப்புனம், அருவி, சுனை, அகன்ற பாறை, அசோகின் நிழல் ஆகிய குறிஞ்சியின் கருப்பொருட்செல்வம் அனைத்தையும் இருவரும் சேர்ந்து நுகர்வதற்குக் கதிரவன் வேண்டியிருக்கிறது. இருளும் துளியும் வழியை அரிதாக்குதலின் கூதிர் யாமம் குறிஞ்சிக்குச் சிறந்தது என்ற நச்சினார்க்கினியர் கருத்தும் தலைவன் வருகையின் அருமையைப் பற்றியதே.

குறிஞ்சிப்பாட்டு அறத்தொடு நிற்றல் துறையில் அமைந்தது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்பது அதன் பழங்குறிப்பு. 261 அடிகளும் தோழி ஒருத்தியின் கூற்று, கேட்பவள் செவிலி. தலைவியின் மெலிவுக்குக் காரணம் தெய்வமோ என மயங்கி நிற்கும் செவிலிக்கு, நடந்ததைத் தோழி வெளிப்படுத்துகிறாள். எனவே பாட்டில் வரும் பகல், நிகழும் பகல் அன்று. பின்னர் ஒருத்தி சான்றுரைக்கும் பகல். உரையாசிரியர்கள் பலகாலும் தொட்டுச் சென்ற இச்செய்தி பொழுதாராய்ச்சியில் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

சான்றுரை செவிலியின் கட்டளையிலிருந்தே தொடங்குகிறது. தினையைக் கவர வரும் பறவைகளை ஓட்டிவிட்டுப் பொழுது சாயும் அளவில் திரும்புங்கள் என்று அனுப்பியவள் அவளே. மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறி, தழல், தட்டை முதலிய கிளிகடி கருவிகளைக் கொண்டு மகளிர் இருவரும் புனம் காக்கின்றனர். கதிர் சுடும் வேளையில் வானத்துப் பறவைகள் தத்தம் இருப்பிடம் நாடுகின்றன. பின்னர்க் கடல்நீரை முகந்த மேகம் இடியும் மின்னலுமாக மலைமேல் பொழிகிறது. அம்மழையால் பெருகி வெண்துகில் போல் இழியும் அருவியில் இருவரும் ஆசைதீர ஆடுகின்றனர். கூந்தலைப் புலர்த்துகின்றனர். நீராடிச் சிவந்த கண்ணுடன் பூக்கொய்து மழை கழுவிய பாறையில் குவிக்கின்றனர். தொண்ணூற்றொன்பது எனப் பலரும் எண்ணிவரும் மலர்ப்பட்டியல் இவ்விடத்தில் வருவது. இது கபிலரின் செடியியல் அறிவுக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. செவிலியின் முன் நின்று பேசுபவளின் வாயில் வைத்துப் பார்த்தால் அதற்கு வேறொரு பயனும் உண்டு. பொய் கூறுபவள் சுருக்கிச் சொல்வாள்; ஒளித்தற்கு எதுவும் இல்லாதவளே ஒரு பகலின் பூக்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வாள். அப்பூக்களை வேறுபிரித்துக் காணவும் பகலொளி இன்றியமையாதது.

அதன்பின் தலைவன் வருகிறான். அவனுடன் வந்த நாய்கள் வளைத்துக்கொள்ள மகளிர் அஞ்சி எழுகின்றனர். அவன் அவற்றை அடக்கி, தன்னிடமிருந்து தப்பிய விலங்கைக் கண்டீரோ என வினவுகிறான். விடை பெறாது நிற்கிறான். பின்னர் மதங்கொண்ட யானை வருகிறது. நாணத்தையும் மறந்து மகளிர் அவனைச் சார்கின்றனர். அவன் அம்பு எய்ய யானை புறங்காட்டுகிறது. பாயும் புனலில், பிணைத்த கையை விடாது நடுங்கி நின்றவர்களுக்கு அவன் அஞ்சல் என்கிறான். தோழி இவற்றைக் கூறும் வரிசை கருதத்தக்கது. தலைவன் தலைவியைத் தீண்டியதற்கு முன் அவன் காத்தான் என்பது நிறுவப்படுகிறது. களிறுதரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி எனப் பிற்காலத்தார் பெயரிட்ட இரண்டும் இங்கே ஒரே பகலுக்குள் அடங்கிவிடுகின்றன.

பின்னும் ஒரு செயல் நிகழ்கிறது. விருந்தோம்பும் மனையறத்தை உடன் நடத்துவோம் என உறுதிகூறிய தலைவன், மலைமேலுறை கடவுளை வாழ்த்திக் கைதொழுது, சூளுரைத்து, அம்மலையின் தெளிந்த நீரைக் குடிக்கிறான். அதுவரை இன்பத்துக்குத் துணைநின்ற மலையும் நீரும் இங்கே சூளுக்குச் சாட்சியாக மாறுகின்றன. கதிரவன் மறைகிறான், மகளிர் விளக்கேற்றும் மாலை விரிவாக வருணிக்கப்படுகிறது. ஊரறிய மணப்பேன் எனத் தேற்றிய தலைவன் இருவரையும் மூதூரின் வாயிலில் உள்ள உண்துறை வரை கொண்டுவந்து விட்டுப் பெயர்கிறான். பொழுது சாயத் திரும்புங்கள் என்ற செவிலியின் கட்டளை நிறைவேறிவிட்டது. இதனைச் செவிலி கவனிக்க வேண்டும் என்பதே தோழியின் நோக்கமாகலாம்.

யாமம் வருவது இதற்குப் பின்புதான். அன்று முதல் தலைவன் இரவில் வருகிறான். ஊர்க்காவலர் திரியினும், நாய் குரைப்பினும், நிலவு வெளிப்படினும் அவனால் தலைவியைக் காண இயலாது. புலியும் கரடியும் பாம்பும் உள்ள வழியை நினைத்துத் தலைவி கண்ணீர் சொரிகிறாள். பாட்டின் இறுதிச் சிறுபகுதியே இரவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வகுத்த யாமம், குறிஞ்சிப்பாட்டில் பகலொன்றை இழந்ததன் விளைவாக நிற்கிறது. பகலைப் பற்றித் தோழியால் விரித்துரைக்க முடிகிறது. இரவைப் பற்றி அச்சத்தையும் கண்ணீரையும் மட்டுமே கூற முடிகிறது.

சான்று இன்மையின் துயரைக் கபிலரே வேறோரிடத்தில் பாடியுள்ளார். குறுந்தொகை 25ஆம் பாட்டில், தலைவன் தன்னை மணந்த நாளில் அங்கே வேறெவரும் இல்லை என்கிறாள் தலைவி. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த, தினைத்தாள் போன்ற மெல்லிய காலையுடைய குருகு மட்டும் இருந்தது. அதுவும் பகற்காட்சியே. கண்ட கண் இருந்தும் சொல்லும் வாய் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே குறிஞ்சிப்பாட்டில் தோழி வேண்டப்படுகிறாள்.

இனி, அதே வெயில் வேனிலாக மிகும்போது மலை பாலையாகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகார விளக்கத்தின்படி நிலம் புதியதன்று. பழைய மலையே வேனிலில் வேறு கோலம் பூண்கிறது. பாலை என்றவுடன் பிரிவை மட்டும் எண்ணுதல் முழுமையன்று. கொண்டுதலைக்கழிதல் எனப்படும் உடன்போக்கும் பாலையே. அங்கே வேனிற்பகலில் இருவர் பிரியாது நடக்கின்றனர். பாலைபாடிய பெருங்கடுங்கோவின் நற்றிணை 9ஆம் பாட்டில் தலைவன் தலைவியை விரைவுபடுத்தவில்லை. நிழல் கண்ட இடமெல்லாம் நெடிது தங்கியும், மணல் கண்ட இடமெல்லாம் சிற்றில் இழைத்தும் வருந்தாமல் வா என்கிறான். மாவின் அரும்பைக் கோதிக் குயில் கூவும் சோலைகளும் நெருங்கிய சிற்றூர்களும் வழியில் உள்ளன என்கிறான். ஊரை நீங்கிச் செல்லும் அருஞ்செலவு அவன் சொற்களில் ஒரு வேனிற்கால உலாவாக மென்மையுறுகிறது. குறிஞ்சிப்பாட்டின் பகலுக்கும் இப்பகலுக்கும் வெம்மையில் பெரிய வேறுபாடில்லை. அங்கே மாலைக்குள் வீடு திரும்ப வேண்டும், இங்கே திரும்ப வேண்டியதில்லை.

உடன்போக்குக்கும் சான்றோர் உளர். வழியில் எதிர்ப்படுவோர் பேசுதற்கெனவே 'கண்டோர்' என ஒரு கூற்றுவகையைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. பொழுதின் அச்சத்தையும் வழியின் அச்சத்தையும் எடுத்துரைப்பது அவர்கள் பேச்சில் ஒன்று. நள்ளிரவுக் களவில் இத்தகையோர்க்கு வேலையில்லை. பாலைக்கலியில் (கலித்தொகை 9) இவர்கள் முழுமையாக வெளிப்படுகின்றனர். மகளைத் தேடிச் செல்லும் செவிலி, சுடுகதிரைத் தாங்கும் குடைநிழலில் உறியும் முக்கோலும் கொண்டு வரும் அந்தணரை எதிர்ப்பட்டு, என் மகளும் பிறள் மகன் ஒருவனும் செல்வதைக் கண்டீரோ என்று கேட்கிறாள். கண்டோம்; காணாமல் இல்லை என்பது அவர்கள் மறுமொழி. மலையிற் பிறந்தும் மலைக்குப் பயன்படாது பூசுவோர்க்கே பயன்படும் சந்தனத்தையும், அவ்வாறே முத்தையும் யாழிசையையும் காட்டி, அவள் சென்றது அறமே எனத் தேற்றுகின்றனர். குறிஞ்சிப்பாட்டிலும் இங்கும் சான்றைக் கேட்பவள் செவிலி ஒருத்தியே என்பது தற்செயல் எனக் கொள்ளத்தக்கதன்று. பகலில் பிறர் கண்டதால்தான் களவு அறமாக ஏற்கப்படும் வழி திறக்கிறது.

இம்மரபின் பின்னணியில் சிலப்பதிகாரத்தின் செலவு வேறாகத் தோன்றும். மதுரை நோக்கி நடக்கையில் கடுங்கதிர் வேனிலைக் கண்ணகி பொறாள், அவள் சீறடி பரற்கானத்துக்குப் பழகியதன்று எனக் கருதிய கோவலன் இரவில் செல்வதைத் தேர்கிறான். நிலவொளியில் அவளைத் தாங்கி நடக்கிறான். கணவன் மனைவியாயினும் அவர்கள் செலவு பகலைத் தவிர்த்த செலவு. கோவலன் கள்வனெனக் கொலையுண்டபின், சான்று தேடிய கண்ணகி வினவுவது காய்கதிர்ச் செல்வனைத்தான். அவன் கள்வன் அல்லன் என்ற விடையும் அங்கிருந்தே வருகிறது.

வஞ்சிக் காண்டத்தில் மலைவளம் காணும் விருப்பத்தோடு செங்குட்டுவன் தேவி வேண்மாளுடன் புறப்பட்டுப் பேரியாற்றுக் கரையில் தங்குகிறான். அரசனும் அரசியும் மேற்கொண்ட இன்பச் செலவு அது. அங்கே மலைபடு பொருள்களைச் சுமந்துவந்த குன்றக்குறவர், வேங்கை நிழலில் நின்ற ஒருமுலை இழந்த நங்கை, தன் காதற்கொழுநனுடன் தங்கள் கண்காண விண்ணுலகு சென்ற செய்தியைக் கூறுகின்றனர். பாண்டிமாதேவி, கண்ணகி இருவருள் வியத்தற்குரியார் யார் என அரசன் தேவியிடம் வினவுகிறான். அரசி வானத்துப் பெருந்திரு உறுக. நம் நாட்டை அடைந்த இப்பத்தினியைப் பரவுதல் வேண்டும் என்கிறாள் வேண்மாள். குறவர் கண்டதன்மேல் எழுந்த அத்தீர்ப்பே இமயத்துக் கல்லுக்கு வழிவகுக்கிறது.